இது மாப்பிள்ளை இல்லை

"ஹலோ... சொல்லுக்கா... ஏன் இப்படி மூச்சு வாங்குற... என்னது, சிவப்புல வருதா? என் விவரம் இருக்கற பக்கத்துலயா?... இரு, இரு. நிதானமா படி... 'இது மாப்பிள்ளை இல்லை'ன்னா?"

நாற்காலியை விட்டு எழுந்தே விட்டான். வரன் தேடும் இணையதளம் ஒன்றுக்குப் புரோகிராம் எழுதுவது அவன் வேலை. எதையும் சோதிக்காமல் விடமாட்டான் என்பதால் அலுவலகத்தில் அவனுக்குச் சந்தேகசாமி என்று பெயர். அந்தச் சிவப்பு வரியைக் காலையில் எழுதிய புண்ணியவானும் அவனே.

"இல்லக்கா, யாரும் ஹேக் பண்ணல... ஆமா... ஆமா, நான்தான் எழுதினேன்... ஐயோ, என்னைப் பத்தி எழுதலக்கா, பொதுவா எழுதினேன். கேளு. ஒருத்தரோட விவரம் உள்ள வர்றப்ப, வயசு நம்பரா இருக்கா, உயரம் நம்பரா இருக்கான்னு ஃபங்ஷன்னு புரோகிராம்ல ஒரு சின்ன துண்டு தொட்டுப் பாக்கும். இல்லேன்னா அந்த வரியக் காட்டும். டெஸ்ட் பண்றதுக்காக விளையாட்டா போட்டது, எடுக்க மறந்துட்டேன்... சிரிக்காத... சரி, திட்டவும் வேண்டாம்... அவங்க எங்க இப்ப?... பக்கத்துலயேவா. அவங்க போன்லயே பாத்தாங்களா... போச்சு."

அக்கா ஒரு மருத்துவமனையில் நர்ஸ். 'அவங்க' என்பது அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் பெண். போன மாதம் அவள் இவனுக்கு ரத்தம் எடுத்தாள். அன்றிலிருந்து, அவளிடம் தன் விவரத்தைக் காட்டச் சொல்லி அக்காவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். இன்றைக்குத்தான் மதிய இடைவேளையில், கேன்டீனில், அக்கா மனசு வைத்தாள். வைத்த நேரம் அப்படி. அந்தப் பெண் வேண்டாம் என்றால் எல்லாம் அதோடு சரி.

"உயரத்துல என்ன போட்டிருக்க, படி... 'அஞ்சே முக்கால், நிமிர்ந்து நின்னா'. அக்கா, இது நம்பரா?... ஆமா, போன வருஷம் நீ போட்டப்ப ஏத்துக்கிச்சு. அப்ப கேக்க ஆளில்ல. உயரம்னா நம்பர்னு எங்க ஆளுங்க புரோகிராம் கோட்ல எழுதி வச்சுட்டு, வர்றதும் நம்பர்தான்னு நம்பிட்டாங்க. நாங்க எழுதினபடியே எல்லாரும் போடுவாங்களா? அதான் இன்னைக்கு வாசல்ல காவல் போட்டேன்... ஆமா, முதல்ல மாட்டினது நான்தான். சந்தோஷமா?... அஞ்சு நிமிஷம் குடு, வரிய எடுத்துடறேன்... யார்கிட்ட குடுக்கற... அக்கா, வேண்டாம்... அக்கா..."

சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டான். போனில் காலர் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

"ஹ... ஹலோ. வணக்கங்க... நல்லா இருக்கேங்க... இல்லைங்க, அந்த வரி தப்புன்னு சொல்லமாட்டேன். ஃபங்ஷன் அதோட வேலைய ஒழுங்காத்தான் செஞ்சிருக்கு... ம்... ம்... அப்படியா? நீங்களும் ரத்தம் எடுக்கற ட்யூப்ல ஒட்டின பேரை நம்ப மாட்டீங்களா... ஆமா, என்கிட்டகூட ரெண்டு தடவ பேர் கேட்டீங்க... அதேதாங்க. நீங்க ட்யூபுக்கு செய்யறத நான் தகவலுக்கு செய்யறேன்."

பக்கத்து மேசைக்காரர்கள் தட்டச்சை நிறுத்தி வெகு நேரமாகியிருந்தது. அவன் மீட்டிங் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கண்ணாடிக் கதவு. எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"கடைசி வரியா?... ஆமாங்க, 'எப்படிப்பட்ட பெண் வேண்டும்'ங்கறதுக்கு நான்தான் எழுதினேன். 'யாரா இருந்தாலும் சரி'... இல்லைங்க, அதுல சிவப்பு வராது... ஏன்னா அது எதையுமே கேக்கலையே, எத வச்சு சரி பாக்கறது... உண்மைதாங்க. ஆபீஸ்ல யாராவது 'எது வந்தாலும் சரி'ன்னு கோட் எழுதினா நான்தான் சாமியாடுவேன். அப்புறம் காவல் எதுக்குன்னு கேப்பேன்... ம். நானே எழுதியிருக்கேன்... ஆமாங்க, அசிங்கமாத்தான் இருக்கு."

பலகையில் எழுதும் பேனாவை எடுத்து அதன் மூடியைத் திறந்து திறந்து மூடினான். பொய் சொல்லித் தப்பிக்க வழி இருந்தது. அவளிடம் பொய் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

"ஏன் அப்படி எழுதினேனா?... உள்ளத சொல்லிடறேங்க. இன்னார் வேணும்னு கேட்டா, இல்லைன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். அதான் போன வருஷம் எதையும் கேக்காம எழுதிட்டேன்... இப்பவா? இப்ப யாரா இருந்தாலும் சரி இல்லைங்க... ஒருத்தர்தான்... போன மாசம் எனக்கு ரத்தம் எடுத்தவங்க... அவங்க இல்லேன்னா எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்... ஹலோ?... ஹலோ, கேக்குதுங்களா?..."

"ம்... ம்... இன்னைக்கேவா?... அஞ்சு மணிக்கா. வர்றேங்க, கேன்டீனுக்கே வர்றேன்... என்னது, சாப்பிடாம வரணுமா? ஏங்க, மறுபடி ரத்தம் எடுக்கப் போறீங்களா... ஓ... சேர்ந்து சாப்பிடவா... சரிங்க. சரிங்க... அக்கா வரமாட்டாங்கள்ல?... ஹலோ?"

லைன் போய்விட்டிருந்தது. அவள் இடைவேளை முடிந்திருக்க வேண்டும். மணி ஒன்றரை. தன் மேசைக்குத் திரும்பி, பையிலிருந்த சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே பக்கத்து மேசைக்காரனிடம் நீட்டினான்.