டிசி கேட்டு எழுதிக் கொடுத்த அப்பா

திருச்சுழி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு அப்பாவும், அருப்புக்கோட்டையில் காலேஜ் படிக்கும் மகளும் இருந்தார்கள்.

“ஒரு பாடத்த மட்டும் மதுரையில வேற யுனிவர்சிட்டியில படிக்கிறேன்ப்பா. மார்க்கு நம்ம காலேஜுலயே சேந்துரும்.”

“சோறு இங்க, கொழம்பு அங்கயா தாயி?”

“இப்ப அப்படி ஒரு திட்டம் இருக்குப்பா.”

“அப்ப டிசி வேணாமா? நீ அங்க போறேன்னதும் காலையில ஒங்க காலேஜு ஆபீஸுல எழுதிக் குடுத்துட்டேனே! நாளைக்கு வந்து வாங்கிக்கிறச் சொன்னாக.”

“ஐயோ, எம் பேரையே வெட்டிருவாகப்பா!”

“ஒரு கேள்வி கேக்கலயே. நல்லவுகன்னுல்ல நெனச்சேன்.”

மகள் எழுந்து, காலேஜுக்குத் திரும்பிப் போக வண்டியை நிறுத்தச் சொல்லிக் கண்டக்டரைக் கூப்பிட்டாள். எட்டாவதோடு நின்ற எனக்கு அந்தத் திட்டம் விளங்கவில்லை. ஆனாலும் ஆபீஸ் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று மணி பார்த்தேன்.

இறங்கும்போதும் அவர் கேட்டார்: “அப்ப மதுரைக்காரவுக கேட்டா என்னத்தக் குடுப்ப?”