கதிரையில் இருந்த சேட்டு

மர வாத்து வாங்கப் போனால் முதலில் கண்ணைப் பார்க்கக் கூடாது, ஐயா. திருப்பி வயிற்றைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குப் புதுப் பூச்சு யாரும் பூசலாம். வயிற்றுத் தேய்மானத்தைப் பொய்யாக உண்டாக்கப் பொறுமை வேண்டும். நூறு வருடத்துக்கு முன் அமெரிக்க வேட்டைக்காரர் இவற்றைச் செதுக்கிக் குளத்தில் மிதக்கவிடுவார்களாம். மேலே பறக்கிற வாத்து, கீழே தன் சொந்தக்காரர் இருக்கிறார் என்று நம்பி இறங்கும்; வெடி விழும். என்னிடம் அப்படிப் பதினொன்று இருந்தன. ஒன்றின் நெஞ்சில் மூன்று ஈயச் சன்னம் இன்னும் இருக்கிறது. உங்கள் பொலிஸ் ஆட்கள் பெட்டியில் கட்டிக்கொண்டு போனவை அவைதான். துடைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். துடைத்தால் விலை போய்விடும்.

லா சப்பலில் அரிசி, மிளகாய்த்தூள் விற்கிற யாழ்ப்பாணத்தானுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டீர்கள். நான் எங்கள் ஊர்ச் சந்தை, பெரியகடையில் வளர்ந்தவன். அப்பாவுக்குப் பித்தளைக் கடை, எதிரே நகைக்கடை, இரண்டு பக்கமும் புடவைக்கடை. அங்கே பிள்ளைகள் பேச முதலே விலை குறைக்கப் பழகும். பாரிசுக்கு வந்து கடை போட்டால், எங்கள் சனம் முருங்கைக்காயைக் கண்ட சந்தோஷத்தில் சொன்ன விலையைத் தந்துவிட்டுப் போகிறது. பேரம் இல்லாத வியாபாரம் உப்பில்லாத கூழ். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கிளினியாங்கூர் பழஞ்சாமான் சந்தைக்குப் போகத் தொடங்கினேன்.

அங்கே ஜிஸ்லேன் என்று ஒரு விதவை. புருஷன் அமெரிக்கன். அவன் செத்தபின் அவன் சேர்த்ததையெல்லாம் கப்பலில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பியவள். மர வாத்து, கூரையில் நின்று காற்றுப் பார்க்கிற இரும்புச் சேவல், விநோதமான பழைய படங்கள். இரண்டு தலைக் கன்றுக்குட்டியோடு ஒரு பாதிரியார். இறந்த குழந்தையை மடியில் இருத்திய தாய், தகரத் தகட்டில் பிடித்த படம். இப்படி.

அவளிடம் ஒரே குறை, பேரம் பேசமாட்டாள்.

"மதாம், கடைசி விலை என்ன?"

"முதல் விலைதான்."

"அப்போ நடுவில் நாங்கள் என்ன செய்வது?"

"நடுவில் நீர் பணப்பையை எடுப்பது."

இரண்டு வருடம் அந்தச் சுவரில் தலையை மோதினேன். அவளிடம் ஒரு மரச் சோடி இருந்தது. முழ உயரம், நீலக் கோட்டுப் போட்ட ஆண், முக்காடு போட்ட பெண். கைகளுக்குப் பதிலாகத் துடுப்புப் போன்ற பலகைகள். காற்றடித்தால் இரண்டும் கை சுழற்றும், புருஷன் பெண்சாதி சண்டை பிடிப்பது போல. அதைக் காசுக்குத் தரமாட்டாளாம். "நான் ஒருநாளும் பார்த்திராத படம் ஒன்று கொண்டு வாரும். ஒன்று தருகிறேன்" என்றாள். ஒரு படத்துக்கு ஒரு பொம்மை. சோடியைப் பிரிக்கிறவள் வியாபாரியா, சொல்லுங்கள். ஒற்றைத் தோட்டை எந்த நகைக்கடைக்காரன் மதிப்பான்?

இனி லாசர் விஷயம்.

எங்கள் பெடியள் பலருக்கு நிலையான விலாசம் கிடையாது. வில்லியே லே பெல்லில் ஓர் அறையில் ஒன்பது பேர் இருப்பார்கள். அடுத்த மாதம் வேறிடம். ஆகவே ஊர்க் கடிதமெல்லாம் என் கடை விலாசத்துக்கு வரும். நான் ஒரு பிஸ்கற் தகரத்தில் போட்டு வைப்பேன். சனிக்கிழமைகளில் வந்து எடுப்பார்கள். ஒரு சதம் வாங்கியதில்லை. இதையும் எழுதுங்கள்.

லாசர் மன்னார்க் கரையில் ஒரு சின்ன ஊர். அந்த ஊரிலிருந்து பாரிசில் வேறு ஒருவரும் இல்லை. அந்தப் பழஞ்சாமான் சந்தைக்குப் பக்கத்து உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன். ஊரில் மனைவி அருள்மலர், ஆறு வயதில் ஒரு மகள், பேர்ளி.

எண்பத்தைந்து கார்த்திகையில் அவனுக்குப் பதிவுத் தபால் வந்தது. கிடைத்ததென்று கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பும் அட்டையும் சேர்த்து. தபால்காரருக்கு எங்கள் பெயரெல்லாம் ஒன்றுதான். நீளமாக இருந்தால் தமிழன். லாசர் என்று நானே கையெழுத்துப் போட்டேன். உள்ளே தடித்த அட்டை இருப்பது விரலுக்குத் தெரிந்தது. செத்தவீட்டில் பிரேதத்தைச் சுற்றி நின்று படம் எடுத்து வெளிநாட்டில் இருப்பவருக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். ஆவியில் காட்டித் திறந்தேன்.

வெள்ளைப் பெட்டிக்குள் பேர்ளி. தலையில் பூமுடி. சுற்றிவரச் சனம். தலைமாட்டில் ஒரு கதிரை. அதில் ஆள் இல்லை. கோடு போட்ட சேட்டு ஒன்று கழுத்துவரை பொத்தான் பூட்டி, கைகள் இரண்டும் கதிரைக் கைகளின்மேல் நீட்டியபடி இருத்தப்பட்டிருந்தது. மொழிபெயர்க்கிற அம்மா புதுச்சேரி ஆள் போலிருக்கிறது. சேட்டு என்றால் சட்டை, அம்மா. பின்பக்கம் அருள்மலர் எழுதியிருந்தாள்: "பிள்ளைக்கு உங்களைக் காட்டாமல் மூடவேண்டாம் என்று நின்றேன். அண்ணன்தான் உங்கடை சேட்டை இருத்திவிட்டார்."

எனக்கு மயிர் கூச்செறிந்தது. துக்கத்தால் என்று சொன்னால் பொய்.

கொடுக்கக் கூடாது என்று நினைக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை லாசர் பல்லெல்லாம் தெரிய வந்து நின்றான்.

"அண்ணை, எனக்கு ஏதும் வந்ததோ?"

"இல்லையடா தம்பி. அங்கை தபால் ஒழுங்காய் ஓடேல்லை."

"விசா ஒரு வருசத்துக்குத் தந்திட்டாங்கள் அண்ணை. இஞ்சை பாருங்கோ, பேர்ளிக்குச் சப்பாத்து. அளவு தெரியாது. மனிசிக்கு எழுதிக் கேட்டிருக்கிறன். ஆராவது ஊருக்குப் போனால் குடுத்துவிடுவம், உங்கடை தட்டிலை இருக்கட்டும்."

"சிவப்போ? மண்ணிலை நடக்கிற பிள்ளைக்குச் சிவப்பு வாங்கிற விசரன் நீதான்."

சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. பனிக்காலம் முடியட்டும் என்று வைத்தேன். கெட்ட செய்தியை நல்ல வியாபாரி அவசரப்பட்டு விற்கமாட்டான்.

படத்தின் பின்னாலிருந்த திகதியைச் சவர அலகால் சுரண்டினேன். தேயிலைத் தண்ணீரில் மூன்று நிமிடம் விட்டேன். ஐம்பது வருடம் ஏறியது. ஜிஸ்லேன் கால் மணி நேரம் அதன்மேலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுக்கவில்லை. பிறகு ஆண் பொம்மையை எடுத்து வைத்தாள். பெண்ணைத் தரவில்லை. கெஞ்சினேன், முகம் முறித்தேன், எழும்பிப் போவதுபோல் போய்த் திரும்பி வந்தேன். பெரியகடையில் ஒருநாளும் தோற்காத வித்தைகள். "ஒன்றுக்கு ஒன்று" என்றாள். அந்தப் பனிக்காலம் முழுக்க ஒற்றை ஆள் என் தட்டில் நின்று ஒருவரும் இல்லாத பக்கத்துக்குக் கை சுழற்றிக்கொண்டிருந்தான். நித்திரை கெட்டது. மாசியில் யாரோ ஒருவன் பெண் பொம்மைக்கு விலை கேட்டு வந்தானாம். கோடைவரை எனக்காக வைத்திருக்கச் சொன்னேன். ஒரு வார்த்தைதான் சொன்னேன். வைத்திருந்தாள்.

அருள்மலரின் கடிதங்கள் வந்தபடியே இருந்தன. முதலாவதை ஒளித்தால் மற்றவற்றையும் ஒளிக்கத்தானே வேண்டும். ஆனால் ஒன்றையும் எரிக்கவில்லை; திகதி வரிசையில் மேசை லாச்சிக்குள் வைத்தேன். என் நேர்மைக்கு அதுவே சாட்சி. மார்கழியில் எழுதியிருந்தாள்: "நீங்கள் கையெழுத்து வைத்த அட்டை வந்தது. அதே கிழமை, சப்பாத்து அளவு கேட்டு உங்கள் கடிதமும் வந்தது. எந்தக் காலுக்கு?" தையில் வந்தது சின்னக் கடிதம்: "இதற்கும் மறுமொழி இல்லாவிட்டால் நானும் பிள்ளையிடம் போகிறேன். சேட்டைத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன்."

பெண்கள் கோபத்தில் எழுதுவதுதான். மடிப்புப் பிசகாமல் மடித்து வைத்தேன்.

ஆடியில் அவளுடைய அண்ணன் மடுத்தீனின் கடிதம் வந்தது. வைகாசியிலேயே முடிந்துவிட்டதாம். எப்படியென்று அவர் எழுதவில்லை. உள்ளே படம். அதே சுவர், அதே கதிரை, அதே சேட்டு. பெட்டி மட்டும் பெரிது.

அதுவும் ஜிஸ்லேனிடம் போனது; இப்போது இரண்டு மரப் பொம்மைகளும் என் தட்டில் நின்றன. மின்விசிறியைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகச் சுழன்றன. பக்கத்தில் சப்பாத்துப் பெட்டி இடைஞ்சலாக இருந்தது. அதைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினேன்.

கெடுத்தது ஜிஸ்லேன்தான். பின்பக்கத்து எழுத்து என்னவென்று கேட்டாள்; பைபிள் வசனம் என்றேன். வியாபாரியை நம்பாத வியாபாரி அவள். எழுத்துக்கு அர்த்தம் தெரிந்தால் இன்னும் விலை ஏறும் என்று இன்னொரு தமிழனைத் தேடியிருக்கிறாள். தான் மத்தியானம் சாப்பிடுகிற இடத்துக் குசினியில் ஒருவன் கோப்பை கழுவுகிறான் என்பது அவளுக்குத் தெரியும். படங்களை எடுத்துக்கொண்டு போய் அவன் முன்னால் வைத்தாள்.

லாசர் சனிக்கிழமை வரவில்லை. திங்கட்கிழமை வந்தான், ஈர ஏப்பிரனோடு. என்னை அடிப்பான் என்று நினைத்தேன். கடிதங்களைக் கேட்டான், லாச்சியைத் திறந்து கொடுத்தேன். அரிசி மூட்டைமேல் இருந்து எல்லாவற்றையும் வரிசையாக வாசித்தான். அருள்மலரின் சின்னக் கடிதத்தை இரண்டுமுறை. ஒரு கிழவி பயறு கேட்டு வந்தாள், நிறுத்துக் கொடுத்தேன். அவள் போனபின்தான் கேட்டான்.

"படம் வித்ததை விடுங்கோ அண்ணை. அந்த மதாம் சொல்லுறா, மாசியிலையே நீங்கள் அவவுக்குச் சொன்னனீங்களாம், 'பொறு, இந்தப் படத்துக்குச் சோடி வரும்' எண்டு. அருள் செத்தது வைகாசியிலை. மாசியிலை உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

நான் தராசில் ஒட்டியிருந்த பயற்றைத் தட்டினேன். சப்பாத்துப் பெட்டியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே போனான். நேரே உங்களிடம்தான் வந்திருக்கிறான். அவனுடையது அரைகுறைப் பிரெஞ்சு என்பதால் இரண்டு மணித்தியாலம் வாங்கில் இருத்தி வைத்தீர்களாம்.

பிறர் கடிதத்தைத் திறந்தேன் என்று வழக்கு எழுதியிருக்கிறீர்கள். சரி, கையெழுத்து வைக்கிறேன், இந்தமுறை என் பெயரிலேயே. வாய்க்கு வந்ததைச் சொன்னேன், பெண் பொம்மை கைவிட்டுப் போகக்கூடாதென்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன் என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். உங்களிடமும் சொல்லலாம். ஆனால் ஐயா, வருமென்று நிச்சயமில்லாத சரக்குக்கு நான் இன்றுவரை யாருக்கும் தவணை சொன்னதில்லை.