தாடைக்கு அடியில ஒரு எலாஸ்டிக்

குழந்தை முகத்துல மாட்டற அந்தப் பிளாஸ்டிக் கவசத்தைப் பிரிக்காதீங்க தம்பி, கொஞ்சம் பொறுங்க. ஹவ், ஆமா, அழகாத்தான் இருக்கு, முயல் காதெல்லாம் வச்சு. கொரோனா நேரத்துல பச்சைப்புள்ளையைத் தூக்கிட்டு வீட்டுக்குப் போகணும்னா யாருக்கும் பயம் இருக்கும்தான். ஆனா தாடைக்கு அடியில வர்ற அந்த எலாஸ்டிக்கைப் பாருங்க. பிறந்த குழந்தை மூக்காலதான் மூச்சு விடும். பிளாஸ்டிக் நழுவி மூக்குல உட்கார்ந்தா அதால தள்ளவா முடியும்?

டாக்டரா, நானா? நல்லாக் கேட்டீங்க. இங்க ஹைதராபாத் ஜீடிமெட்லாவுல மாத்திரை அட்டைக்குப் பிளாஸ்டிக் வார்க்கற அச்சு செய்யற வேலை பார்த்தவன். என் சம்சாரம் எவாஞ்சலின்தான் நர்ஸு, பிரசவ வார்டுல. இது நாங்க ரெண்டு பேரும் ஆரம்பிச்சது. சிரிக்காதீங்க, லாக்டவுன்ல அளவு பார்க்கக் குழந்தைக்கு எங்க போறது? கிறிஸ்துமஸ் குடில்ல வைக்கிற பாலன் ஏசு சுரூபத்தைப் பரண்லேருந்து இறக்கி, அதுக்கு மாட்டினேன். கச்சிதமா நின்னுச்சு. எனக்குப் பெருமை தாங்கல. அவ வந்து பார்த்தா. ஏங்க, இவரு பால் கக்குவாரா, தலையைத் திருப்புவாரான்னு கேட்டா பாருங்க.

அப்புறம் அவதான் சொன்னா, முகத்துல எதையும் கட்டாதீங்க, தூக்கிட்டுப் போற கூடையில கட்டுங்கன்னு. கூடை மேல கவுக்கற மாதிரி ஒரு மூடி பண்ணோம். ரெண்டு பக்கமும் திறப்பு, காத்து தாராளமா வரும். புள்ளை மேல எதுவும் படாது. அவ கடைசியாப் பார்த்த வேலை அது. ரெண்டாவது அலையில போயிட்டா.

எங்க கோயில் பாட்டுக்குழுவுல ஜாய்சன்னு ஒருத்தன். மாமா, நான் இதைக் கடைக்குக் கொண்டு போறேன்னான். நம்பி ரெண்டு அச்சையும் தூக்கிக் குடுத்தேன். கூடை மூடி விக்காது, முகத்துல மாட்டினாத்தான் ஜனங்க வாங்குவாங்கன்னான். நக்கோ, வேண்டாம்னு அன்னிக்கே சொன்னேன். நல்லாத் தலையை ஆட்டினான். அப்புறம் பார்த்தா மருந்துக்கடையில இது தொங்குது.

டப்பாவைத் திருப்புங்க. சிஸ்டர் எவாஞ்சலின் யோசனையில உருவானதுன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கும். அவ வேண்டாம்னதை அவ பேரைச் சொல்லியே விக்கிறான். கேட்காம இருப்பேனா? உங்க வீட்டுலயே சம்மதம் வாங்கிட்டுத்தான் போட்டேன்னான்.

வார்டுக்குள்ள கூப்பிடறாங்க, போங்க. ஒரு உபகாரம் தம்பி. ஜன்னல் பக்கத்துக் கட்டில்ல ஒரு பொம்பளைப்புள்ளை பிறந்திருக்கு. அது மூஞ்சில இது இருந்தா சிஸ்டர்கிட்ட சொல்லிக் கழட்ட வைங்க. நான் சொன்னதா மட்டும் வேண்டாம்.

நானா? என்னை விடமாட்டாங்க. எங்கப்பா வந்தா உள்ள அனுப்பாதீங்கன்னு வாட்ச்மேன்கிட்ட சொல்லி வச்சிருக்கா. ஹவ், என் பொண்ணுதான், ஜெயசுந்தரி. ஜாய்சன் அவ வீட்டுக்காரன். சம்மதம் குடுத்தது அவதான். சிசேரியன்னு சொன்னாங்க. எழுந்து நடக்கறாளான்னு அப்படியே பார்த்துட்டு வாங்க.