ரேடியேட்டரை எங்கே மாட்டுவது

"மேல மாட்னா உள்ள சொட்டும். முன்னாடி மாட்னா சூடு உள்ளயே போவும். பேசாம உங்க தலையில மாட்டிக்குங்க."

சேவூர் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் கணவனிடம் இப்படிச் சொன்னதும் காதைக் கொடுத்தேன். பட்டுப்புடவை டிசைன்களைக் கம்ப்யூட்டரில் போட ஆரம்பித்திருந்த காலம் அது. அவள் டிசைன் போடுகிறவள். சூடு தாங்காமல் கம்ப்யூட்டர் பாதி வேலையில் நின்றுவிடுகிறதாம். அதைத் தண்ணீர் ஓடவிட்டுக் குளிரவைக்க, சென்னையில் வாங்கிய சின்ன ரேடியேட்டர் அவன் மடியில் அட்டைப்பெட்டிக்குள் இருந்தது.

"சூடு மேலதான போவும்? மேலதான் மாட்டணும். சொட்டாம நான் பாத்துக்கறேன்."

"அதான் எனக்குப் பயமே. ஈரத்துல கைய வெச்சி உங்களுக்கு ஷாக் அடிச்சா? டிசைன் போனா நான் திரும்பப் போட்டுக்குவேன்."

அவன் மடியிலிருந்த அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தான்.

"பின்னாடி, கம்ப்யூட்டர் பெட்டிக்கு வெளிய மாட்டிடலாமா? சொட்னாலும் தரையில சொட்டும். சூடும் ஜன்னல் வழியா போயிடும்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"உன் டேபிள ஜன்னல் கிட்ட நகத்தணும். உன் மேல வெயில் அடிக்குமேன்னு பாத்தேன்."

அவள் குரல் இறங்கியது. "ஒரு ஸ்கிரீன் தெச்சிக்கறேன்."

"பழைய பொடவையிலயா?"

"இல்ல, உங்க புது வேட்டில."

அவன் சிரித்ததில் மடியிலிருந்த பெட்டி குலுங்கியது. அவள் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.