மறுப்புக்கு முப்பது நாள்

மேசையில் பேனா கோணலாகக் கிடந்தால் எனக்குப் பிடிக்காது. உங்கள் பேனாவை நேராக்கி வைத்ததைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மேடம். பழக்கதோஷம். மோட்டார் உதிரிபாகக் கிடங்கில் பதினான்கு வருடமாகச் சரக்குக்குப் பொறுப்பாக இருக்கிறேன். அங்கே சீட்டு ஒட்டாத பொருள் இல்லாத பொருள்.

அண்ணி இந்த ஸ்டேஷனில் கொடுத்த புகாரைப் படித்தேன். கோபம் இருக்கிறது, வரிசை இல்லை. நான் வரிசையாகச் சொல்கிறேன்.

அண்ணன் புவியியல் ஆசிரியர். சனிக்கிழமை மதியங்களில் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஏழு பேர் உட்காருவோம். ஆளுக்கொரு கதாபாத்திரம்: திருடன், படகோட்டி, நாடு கடத்தப்பட்ட அமைச்சர். அண்ணன் கதையை நடத்துவார். நாங்கள் செய்ய நினைப்பதைச் சொல்வோம், நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை முடிவு செய்யும். அண்ணியும் ஆடினார். அவருடையது ஒரு வைத்தியச்சி. இரண்டு வருடத்துக்கு முன்னால், கதையில் பாலம் உடைந்த அன்று பகடையில் ஒன்று விழுந்து, வைத்தியச்சி ஆற்றோடு போனாள். "சரி, செத்தவ போய் டீ போடறேன்" என்று அண்ணி சிரித்துக்கொண்டே எழுந்து போனார். அதன் பிறகு அவர் ஆட வரவில்லை.

கதாபாத்திரங்களுக்கென்று இணையத்தில், விக்கிப்பீடியா மாதிரி பலரும் எழுதித் திருத்துகிற ஒரு விக்கியைத் தொடங்கியது நான். முதலில் ஏழு பக்கம்தான். வெளியூர்க் குழுக்கள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டன. இன்றைக்கு நாலாயிரத்துச் சொச்சம் கதாபாத்திரங்கள், எழுதுகிறவர்கள் ஐந்நூறு பேர். ஐந்நூறு பேர் கை வைக்கும் இடத்தில் விதி இல்லாவிட்டால் சந்தைக்கடைதான். ஒரே படத்தோடு இரண்டு பக்கம் இருந்தால் ஒன்றாக்க வேண்டும். அப்படி ஆக்கும்போது மூத்த பக்கத்தில் உள்ள தகவலே நிற்கும். எந்த மாற்றத்துக்கும் மறுப்புச் சொல்ல முப்பது நாள். அதற்குள் யாரும் மறுக்காவிட்டால் அது உண்மை, பக்கம் பூட்டப்படும். வாக்கெடுப்பு வைத்துத்தான் இதைக் கொண்டுவந்தோம். அண்ணனும் கை தூக்கினார்.

போன வருடம் அண்ணன் பள்ளிக்கூடப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தார். தலையில் அடி. நடை, பேச்சு, கதை நடத்தும் சாமர்த்தியம் எல்லாம் திரும்பிவிட்டன. ஆட்கள்தான் நினைவில் தங்கவில்லை. தூங்கி எழுந்தால் யார் யார் என்பது துடைத்துவிட்டது போல் போய்விடும். எல்லாவற்றையும் எழுதி வைத்துத் தினமும் படிக்கச் சொன்னார் டாக்டர். அண்ணிதான் என்னிடம், "விக்கியிலயே எங்களையும் எழுதிடுங்களேன், லேபிள். அவருக்குப் பழகின இடம் அது" என்றார். லேபிள் என்பது என் பட்டப்பெயர். யோசனை அண்ணியுடையது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுதினேன். பக்கத்து வீட்டுக்காரர், தலைமையாசிரியர், முடிதிருத்துபவர், ஆளுக்கொரு பக்கம். அண்ணியைப் பற்றி நிறைவாகவே எழுதினேன். படத்துக்கு, வைத்தியச்சியின் பக்கத்தில் இருந்த அதே படத்தைப் போடச் சொன்னார். "அதுலதான் கொஞ்சம் ஒல்லியா இருக்கேன்" என்றார். உங்களுக்கும் விக்கியில் ஒரு கணக்குத் திறக்கட்டுமா என்று கேட்டேன். "எனக்கெதுக்கு? நான்தான் அவர் கூடவே இருக்கேனே" என்றார்.

அண்ணன் தினமும் காபியோடு உட்கார்ந்து படிப்பார். அண்ணியின் பக்கத்தை முடித்ததும் நிமிர்ந்து அவரைப் பார்த்து, "அட, நீதானா" என்பார். அப்போது அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்காகவே சனிக்கிழமைகளில் நான் காலையிலேயே போய்விடுவேன். என்னைப் பார்த்தால், "லேபிளா? உக்காருங்க" என்பார். அவ்வளவுதான்.

மார்ச் மாதம் அண்ணி, தன் அக்கா ஊருக்கே அண்ணனோடு குடிபோய்விடலாம் என்று இருப்பதாகச் சொன்னார். ஆட்டம் ஆடியது போதுமாம், அண்ணனுக்கு ஓய்வு வேண்டுமாம். அப்படியானால் இத்தனை கதாபாத்திரங்களும் என்ன ஆவது என்று கேட்டேன். "அதெல்லாம் வெறும் கதைதானே" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அதே வாரம் அண்ணியின் அம்மாவுக்கு அறுவைசிகிச்சை. நாற்பது நாள் அண்ணி அங்கே இருக்க வேண்டியதாயிற்று. அண்ணனைப் பார்த்துக்கொள்ள என்னை வீட்டோடு வந்து இருக்கச் சொன்னார். "நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் போறேன்" என்றார். மாத்திரை வேளை தவறவில்லை, சாப்பாட்டில் குறை இல்லை. அதை அவரே மறுக்க மாட்டார்.

அவர் போன மறுநாள் விக்கியைச் சீர்செய்தேன். ஒரே படத்தோடு இரண்டு பக்கம் இருந்தன. ஒன்றாக்கினேன். மூத்தது வைத்தியச்சியின் பக்கம். அதிலிருந்தபடி: இறந்துவிட்டார், ஆற்றில், இரண்டு வருடத்துக்கு முன்னால்.

அண்ணன் படித்தார். காபி ஆறிப்போனது. "இவ போயிட்டாளா?" என்றார்.

"பக்கத்துல என்ன போட்டிருக்கோ அதுதான்" என்றேன். நான் வாயால் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் அது மறுபடியும் அவருக்குப் புதுச் செய்தி. அதற்கு மறுநாளும் அப்படியே. நாற்பது காலை. அழ வசதியாக ஒரு கைக்குட்டையை மடித்துக் கணினிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். எங்கள் மேசைக்காரர்கள் ஆடுவார்களே தவிர விக்கிப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. வெளியூர்க்காரர்கள் பார்த்தார்கள். இருநூற்று ஆறு பேர் இரங்கல் எழுதினார்கள். ஒருவர்கூட மறுப்பு எழுதவில்லை. முப்பது நாள் முடிந்ததும் பக்கத்தைப் பூட்டினேன்.

அண்ணி தினமும் போன் செய்தார். பேசுவது யார் என்று அண்ணன் கேட்பார். வைத்தியச்சியாக ஆடியவர் என்பேன். அது உண்மைதானே. அண்ணன் மரியாதையாக இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவார். அவருக்கு நோய் முற்றுகிறது என்று நினைத்து அண்ணி என்னிடம் அழுதார். என் பொறுமைக்கு நன்றியும் சொன்னார்.

திரும்பி வந்தபோது கதவைத் திறந்தது அண்ணன்தான். பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார்.

"வாங்க. நீங்க வைத்தியச்சியா ஆடினவங்கதானே? படத்துல இருக்கிற மாதிரியே இருக்கீங்க."

"என்னங்க, நான்தாங்க."

"நீங்க நல்லா நடிக்கிறீங்க. ஆனா என் சம்சாரம் செத்ததை வச்சு வேண்டாம்மா. மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

அண்ணி கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்து காட்டினார். அண்ணன் ஒவ்வொரு படமாகப் பார்த்தார், பிறகு விக்கியைப் பார்த்தார், ஆல்பத்தை மூடித் திருப்பிக் கொடுத்தார். மறுப்பு இருந்தால் விக்கியில் பதியச் சொன்னேன். அண்ணிக்குக் கணக்கு இல்லை. இருந்திருந்தாலும் அன்றைக்கு நாள் கடந்துவிட்டது. அதன் பிறகுதான் உங்களிடம் வந்திருக்கிறார்.

அண்ணனைப் பக்கத்து அறையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். தம்பி எங்கே, தம்பி எங்கே என்று கேட்பது இங்கே வரை கேட்கிறது. என் வாக்குமூலத் தாளில் நீங்கள் உறவுமுறை என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறீர்கள். அவருக்குக் கூடப்பிறந்தவர்களே கிடையாது என்று அண்ணி சொல்லியிருப்பார். மார்ச் வரைக்கும் அது சரிதான். என் பக்கத்தில் 'சனிக்கிழமை ஆட்டக்காரர்' என்று இருந்ததை 'உடன்பிறந்த தம்பி' என்று மாற்றியது நான்தான், அண்ணி போன அதே மறுநாள். அண்ணன் அன்றைக்கே என்னைத் தம்பி என்று கூப்பிட்டுவிட்டார். நான்தான் அவசரப்படவில்லை. முப்பது நாளும் காத்திருந்து, மறுப்பு வராததைப் பார்த்துவிட்டு, முப்பத்தோராம் நாள் காலையில்தான் முதல்முறையாக "அண்ணே" என்றேன். "அட, நீதானா" என்றார்.

எனக்கும் கூடப்பிறந்தவர்கள் கிடையாது, மேடம். இரண்டு பக்கத்திலும் காலியாகக் கிடந்த இடத்தைத்தான் நிரப்பினேன். இதில் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.