மூக்காயி அளந்த கலயம்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முந்தி, நம்ம ஒட்டம்பாறையில மூக்காயின்னு ஒருத்தி இருந்தாளாம். சந்தேகம்னா அப்படியொரு சந்தேகம். மோர்க்காரி சிரிச்சா மோர்ல தண்ணின்னு நெனப்பாளாம். சிரிக்காட்டி, தண்ணி இன்னும் அதிகம்னு நெனப்பாளாம். சிரிக்காதீங்க, நம்ம வம்சத்துக்காரிதான்!

அப்பல்லாம் பள்ளிக்கூடம்னா இரைச்சல். புள்ளைங்க பாடத்தைக் கத்திச் சொல்றது ஊருக்கே கேக்கணும். கேட்டாத்தான் படிப்பு நடக்குதுன்னு அர்த்தம். புதுசா வந்த சடையப்ப வாத்தியார் பள்ளிக்கூடத்துல மட்டும் திடீர் திடீர்னு சத்தம் நின்னு போகுமாம். மூக்காயிக்குச் சந்தேகம் பிடிச்சுக்கிச்சு. அங்க படிக்கிற அவ மக செவந்தி வேற, வீட்டுல எதைச் சொன்னாலும் "நீ பாத்தியாம்மா?"ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டா.

"என் புள்ளைக்கு மருந்து வச்சுட்டான்"னு, போய் வேலிக்குப் பின்னால ஒளிஞ்சு பாத்தாளாம். வாத்தியார் ஒரு கேள்வி கேட்டார். கேட்டுட்டு, அடியில ஓட்டை போட்ட கலயத்துல தண்ணி ஊத்தி வாசல் மரக்கிளையில தொங்க விட்டார். சொட்டு, சொட்டு, சொட்டு. ஒரு புள்ளை வாயத் திறக்கணுமே!

"ஐயையோ, கலயம் கட்டி மந்திரம் பண்றான்!"னு ஓடினா மூக்காயி. ஊர் கூடிருச்சு. "இன்னிக்கே வெரட்டு! பள்ளிக்கூடத்தைப் பிரிச்சுப் போடு!"ன்னு ஆளாளுக்குக் கத்துறாங்க.

வாத்தியார் சொல்றார்: "ஒடனே வர்ற பதிலை வெறும் வாய்தான் சொல்லுதுங்க. தண்ணி வடியிற வரைக்கும் யோசிச்சாத்தான் புள்ளை சொல்லும். அதுக்குத்தான் கலயம்."

யாரு காதுல விழுது?

செவந்தி குடுகுடுன்னு ஓடிப்போய் அந்தக் கலயத்தைத் தூக்கிட்டு வந்தா. "இது வடியட்டும். அப்புறமும் எங்கம்மா மந்திரம்னு சொன்னா, எங்க பள்ளிக்கூடம் போகட்டும்"னா. சொல்லும்போதே அழுதுட்டா.

பெத்த புள்ளை கேக்குறா, என்ன செய்ய? தொங்க விட்டாங்க. சொட்டு, சொட்டு, சொட்டு. மொதல்ல மூக்காயிக்குக் கோவம். அப்புறம் பயம். அப்புறம் மண்டைக்குள்ள மக கேட்ட அதே கேள்வி. நீ பாத்தியா? மந்திரம் சொன்னதைப் பாத்தியா? மருந்து குடுத்ததைப் பாத்தியா?

கடைசிச் சொட்டும் விழுந்துச்சு. "புள்ளைங்க சும்மா உக்காந்திருந்ததைத்தான் பாத்தேன். மத்ததெல்லாம் நானாச் சேத்தது"ன்னாளாம். கத்தினவங்கெல்லாம் கலைஞ்சு போனாங்களாம். பள்ளிக்கூடம் தப்பிச்சுது.

அதுக்காக மூக்காயி மாறிட்டாளா? அவளாவது, மாறுறதாவது! "அந்தக் கலயத்தைக் குடு இங்க! எவனாவது ஓட்டையப் பெருசாக்கிச் சீக்கிரம் வடிய விட்டுட்டா?"ன்னு சுண்டுவிரல் நகத்தை வச்சு அளந்து பாத்தாளாம்.

அதான் இன்னிக்கும் நம்ம ஊர்ப் பஞ்சாயத்துல கலயம் வடியாம தீர்ப்புக் கெடையாது. கட்டுறதுக்கு முந்தி ஒரு பொம்பளை வந்து ஓட்டையில நகத்தை வச்சுப் பாக்கிறா பாருங்க, அதுக்குப் பேரு மூக்காயி அளவு.