அழாத மருமகன்

வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். யன்னல் ஓரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

"என்ர அம்மாவின்ர செத்த வீட்டில என்ர மனுசன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை. அந்தக் கோவத்தில ஒரு வருசம் நான் அவரோட முகம் குடுத்துக் கதைக்கேல்லை. இப்ப டொக்டர் சொல்லுறார், அவருக்குக் கண்ணீர் சுரக்காமல் கண் காயிற வருத்தமாம்."

மற்றவர் பதறிப்போனார்.

"ஐயோ பாவம்! மருந்து தந்தவையே?"

"கண்ணுக்கு விடுற மருந்து தந்தவை. அறைக்காத்தும் காயக் கூடாதாம். மகள் சுவிஸில இருந்து ஒரு மெசின் அனுப்பினவள். தண்ணி ஊத்திப் போட்டால் புகை மாதிரி ஈரக்காத்து விடும். இவர் அதுக்கு முன்னால கதிரையைப் போட்டு, பூசை பாக்கிற மாதிரி இருக்கிறார்."

"சுகமே இப்ப?"

"எரிவு குறைஞ்சிட்டுது. நானும் பாவமெண்டு முந்தநாள் பக்கத்தில போயிருந்து கதைச்சனான்."

"என்ன கதைச்சனீ?"

"என்ர மூத்தக்கா ரெண்டு மாசம் எங்களோட வந்து நிக்கப் போறா எண்டு சொன்னன். அவருக்குக் கண்ணீர் பொலபொலவெண்டு கொட்டிச்சுது. மெசினை நிப்பாட்டிப் போட்டன்."